எஃப் போட்ட பிராசசர் வாங்கியவன் எடிட்டிங்கே செய்யக் கூடாதா?

டைம்லைன்_தம்பி: நேற்று வேறொரு இழையில் பழைய_கட்டர் அண்ணன் போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போனார்: "ஐ5 12400எஃப் வாங்கி வீடியோ எடிட் செய்கிறவன் கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழுந்தவன்." படித்ததிலிருந்து எரிகிறது. என்னிடம் இருப்பது அதே இன்டெல் பிராசசர் 12400எஃப், கூடவே என்விடியா கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. கல்யாண வீடியோதான் எனக்குச் சோறு போடுகிறது. எடிட் செய்யும் பிரீமியர் மென்பொருளில் ரெண்டரர் குடா என்றுதான், அதாவது கார்டு வேலை செய்கிறது என்றுதான் காட்டுகிறது. எச்.265 முறையில் சுருக்கிய ஃபைல் போட்டால் டைம்லைன் திக்குகிறது, அது டிரைவர் கோளாறு. அதற்காக எஃப் வாங்கிச் சில ஆயிரம் மிச்சம் பிடித்தவனெல்லாம் முட்டாளா?

பழைய_கட்டர்: பெயர் சொல்லாமல்தான் எழுதினேன், தொப்பி உமக்குப் பொருந்துகிறது போல. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் வேலை செய்யாத சிப். கிராபிக்ஸ் இல்லை என்றால் வீடியோவைப் பிரித்துப் படிக்கும் இன்டெலின் குயிக் சிங்க் இல்லை. இப்போது வரும் பல கேமராக்கள் நிற விவரம் கூடுதலாக வைக்கும் 4:2:2 10 பிட் எச்.265 எழுதுகின்றன. அதை உம்முடைய 3060-இன் டிகோடர், அதாவது ஃபைலைப் பிரித்துப் படிக்கும் பகுதி, தொடாது. எஃப் இல்லாத 12400-க்குள் இருக்கும் கிராபிக்ஸ், யுஎச்டி 730, தொடும். ஒரே ஒரு எழுத்து.

கோவை_கலர்: ஆரம்பித்துவிட்டார். தம்பி, கேம் ஆடுகிறவர்களுக்கான என்விடியா கேம் ரெடி டிரைவர் வைத்திருக்கிறாயா? அதைக் கழற்றிவிட்டு ஸ்டூடியோ டிரைவர் போடு. 2019-லிருந்து எடிட்டர்களுக்கென்றே தனியாக விடுகிறார்கள், சும்மாவா?

பழைய_கட்டர்: எந்த டிரைவர் போட்டாலும் சிப்பில் இல்லாதது முளைக்காது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஜிபியு பக்கத்தில் ஒரு கட்டத்தை 'வீடியோ டிகோட்' என்று மாற்றி வைத்துவிட்டு டைம்லைனை ஓட்டச் சொல்லுங்கள். அந்தக் கோடு தரையில் படுத்திருக்கும், சிபியு மட்டும் மூச்சு வாங்கும். எஃப்.

மதுரை_ரீல்ஸ்: ஒரு சந்தேகம். ஆக்சிலரேஷன் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஃபைலைப் பிரித்துப் படிப்பதையா, எஃபெக்ட் போடுவதையா, எக்ஸ்போர்ட்டையா? மூன்றும் வேறு வேறு இல்லையா?

டைம்லைன்_தம்பி: எனக்கு எக்ஸ்போர்ட் பறக்கிறது. லூமெட்ரியில் கலர் திருத்தினாலும் பறக்கிறது. அப்புறம் எப்படி கார்டு வேலை செய்யவில்லை என்கிறீர்கள்?

பழைய_கட்டர்: கார்டு வேலை செய்யவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? எஃப் என்றுதான் சொன்னேன்.

சேலம்_டிரோன்: நான் எஃப் இல்லாத 12400-தான் வாங்கினேன். எனக்கும் திக்குகிறது. இப்போது என்ன சொல்வீர்கள்?

பழைய_கட்டர்: தனிக் கார்டு மாட்டியதும் பல போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். கம்ப்யூட்டர் தொடங்கும்போது நுழையும் பயாஸ் செட்டிங்கில் ஐஜிபியு (உள் கிராபிக்ஸ்) மல்டி மானிட்டர் என்று இருக்கும், ஆன் செய்யுங்கள். அதற்கு இன்டெல் டிரைவர் போட்டிருக்கிறீர்களா? பிரீமியரில் மீடியா செட்டிங்கில் இன்டெல் டிகோடிங் டிக் இருக்கிறதா? இதையெல்லாம் செய்யாமல் எஃப்காரர்களுக்கு வக்காலத்து வாங்க வராதீர்கள்.

ஆப்பிள்_அன்பன்: எம்1 மேக் மினி. 4:2:2 வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. பயாஸ் இல்லை, டிரைவர் இல்லை, எஃப் இல்லை. 🙂

சேலம்_டிரோன்: வந்துவிட்டார் பக்தர். ரேமைக் கூட்ட முடியாத பெட்டியை வைத்துக்கொண்டு உபதேசம்.

ஆப்பிள்_அன்பன்: பயாஸ் ஆன் செய்தாயிற்றா சார்?

கோவை_கலர்: கட்டர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 4:2:2-ஐ நேராகவே டிகோட் செய்கிறது. ஆக, சிக்கல் கார்டின் தலைமுறையில் இருக்கிறது, எஃப்-இல் இல்லை.

பழைய_கட்டர்: அருமை. சில ஆயிரம் மிச்சம் பிடித்தவர் இப்போது புதுக் கார்டுக்கு முப்பதாயிரம் தேட வேண்டும். இதற்குப் பெயர்தான் சிக்கனம். எஃப் வாங்காமல் இருந்திருந்தால் இந்த இழையே இல்லை.

கோவை_கலர்: பிராக்ஸி, அதாவது எடிட்டுக்கு லேசான நகல் ஃபைல், போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். சினிமாவில் அதுதான் வழக்கம்.

டைம்லைன்_தம்பி: சினிமாக்காரருக்கு நேரம் இருக்கிறது. எனக்கு முகூர்த்தம் முடிந்து பந்தியில் இலை எடுப்பதற்குள் மாப்பிள்ளையின் மாமா ஹைலைட்ஸ் கேட்பார். ஆறு மெமரி கார்டு ஃபுட்டேஜுக்குப் பிராக்ஸி போட்டுவிட்டு நான் தூங்கவா?

கோவை_கலர்: கல்யாணக்காரர்களிடம் ஒழுங்கான வேலைமுறை எதிர்பார்த்தது என் தவறுதான்.

சேலம்_டிரோன்: இது தேவையா? உங்கள் குறும்படத்துக்கு டிரோன் ஷாட் எடுத்துக் கொடுத்த காசு எனக்கு இன்னும் வரவில்லை. ஒழுங்கான வேலைமுறை!

கோவை_கலர்: அதைத் தனிச்செய்தியில் பேசலாம்.

பழைய_கட்டர்: 2010-இல் பிரீமியர் சிஎஸ்5 வந்தபோது நீங்கள் எல்லாம் எங்கே இருந்தீர்களோ தெரியாது. ஜிடிஎக்ஸ் 285, அப்புறம் ஒருசில குவாட்ரோ, இந்தக் கார்டுகளை மட்டும்தான் ஏற்றுக்கொள்ளும். ஃபோல்டருக்குள் அந்தக் கார்டுகளின் பட்டியலாக ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். ஜிடிஎக்ஸ் 260 வைத்திருந்தவர்கள் தங்கள் கார்டின் பெயரைப் புள்ளி பிசகாமல் அதில் தட்டி சேவ் செய்தால்தான் குடா திறக்கும். அந்தக் காலத்திலிருந்து பார்க்கிறேன்.

கோவை_கலர்: ஊரே செய்த வேலையை ஏதோ தானே கண்டுபிடித்தது மாதிரி! ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அன்றைக்குத் தடை இருந்தது மென்பொருளில், சிப்பில் இல்லை. உங்கள் கதையே உங்கள் வாதத்தைக் கவிழ்க்கிறது. 4:2:2-க்கும் நாளைக்கு ஒரு டிரைவர் வராது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பழைய_கட்டர்: அந்தப் பட்டியல் எஃபெக்டுக்கும் ஸ்கேலிங்குக்கும். இது டிகோடர், சிலிக்கனில் செதுக்கியது. டெக்ஸ்ட் ஃபைலில் எதை எழுதினாலும் பெட்டியின் மேல் அச்சடித்த எஃப் அழியாது.

மதுரை_ரீல்ஸ்: அதைத்தானே நான் மேலே கேட்டேன்? எஃபெக்டா டிகோடா என்று?

சேலம்_டிரோன்: பயாஸ் ஆன் செய்தேன். கொஞ்சம் தேவலாம். ஆனால் யுஎச்டி 730-இல் டிகோட் செய்யும் மீடியா என்ஜின் ஒன்றுதானாம், அதைவிட உயர்ந்த யுஎச்டி 770-இல் இரண்டாம். இதையும் சொல்லவில்லை நீங்கள்.

பழைய_கட்டர்: ஒன்றாவது இருக்கிறதே. எஃப்-இல் பூஜ்யம். தம்பி, அது இருக்கட்டும், ஃபைல் 4:2:2-ஆ, நிற விவரம் குறைந்த 4:2:0-வா? 4:2:0 என்றால் உம்முடைய 3060-ஏ டிகோட் செய்திருக்கும். ஃபைலின் விவரம் காட்டும் மீடியா இன்ஃபோவில் போட்டுப் பார்த்தீரா?

டைம்லைன்_தம்பி: அதை கேமராமேனிடம்தான் கேட்க வேண்டும், அவர் இன்னொரு முகூர்த்தத்தில் இருக்கிறார். ஆனால் எஃப் காரணமில்லை என்பது மட்டும் உறுதி.