மைனஸ் 99 என்று எண் போட்ட காமிக்ஸ்

பாரிசுக்குப் படிக்க வந்த முதல் குளிர்காலம். பிரெஞ்சு பழகலாமே என்று நூலகத்தில் காமிக்ஸ் அடுக்குப் பக்கம் போவேன். அங்கேதான் ‘டோன்ஜோன்’ கண்ணில் பட்டது. ஒரே தொடர், ஆனால் ஒரு புத்தகத்தில் 1, அடுத்ததில் 101, இன்னொன்றில் -99. நடுவில் இத்தனை பாகங்களை யார் எடுத்துப் போனார்கள் என்று கேட்டேன். “அவை எழுதப்படவே இல்லை, எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கு” என்றார் நூலகர்.

நான் 101ஐ எடுத்தேன். பார்வை போன ஒரு கிழ டிராகன் கைதியாகக் கிடக்கிறது. டிராகன்களின் இடுகாட்டுக்குப் போய்ச் செத்தால் போதும் என்பதே அதன் ஆசை. சிறை வைத்திருப்பவன் மகா கான். அகராதியும் கையுமாக இரவு முழுக்கப் படித்தேன்.

அடுத்த வாரம் 1ஆம் பாகம். அதே டிராகன், நல்ல வாலிபத்தில்! பெயர் மார்வின். காய்கறி மட்டும் தின்பவன். தன்னைத் திட்டியவரை அடிக்கக் கூடாது என்பது அவன் மதம். கூடவே ஹெர்பர்ட் என்ற பயந்தாங்கொள்ளி வாத்து. இருவரும் நண்பர்களாகும் பக்கங்கள் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வாத்துதான் பின்னாளில் மகா கான் என்று தெரிந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வரிசையாகப் படித்திருந்தால் அந்த வலி எனக்குக் கிடைத்திருக்காது.

ஜொவான் ஸ்ஃபாரும் லூயிஸ் த்ரோந்தெய்மும் சேர்ந்து 1998இல் தொடங்கிய தொடர் இது. விடியல் -99இலிருந்து, உச்சி 1இலிருந்து, அந்தி 101இலிருந்து எனக் கதையின் மூன்று காலங்களும் ஒரே சமயத்தில் இணையாக வெளிவந்தன. உச்சியை த்ரோந்தெய்மும் அந்தியை ஸ்ஃபாரும் வரையத் தொடங்கினார்கள். விடியலை கிறிஸ்டோஃப் பிளேன். 1க்கும் 2க்கும் இடையில் நடப்பதாக ஒரு தனி வேடிக்கை வரிசைகூட உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது விடியலில் உள்ள ஓட்டை. -97க்கு அடுத்த புத்தகம் -84. நகரத்துக்குக் கனவோடு வந்த இளைஞன் ஹியாசாந்த் அதற்குள் இறுகிப்போன வேறு ஆளாகிவிட்டான். நடுவில் என்ன நடந்தது என்று நாமேதான் யோசிக்க வேண்டும்.

2014இல் 110, 111 இரண்டையும் ஒன்றாக வெளியிட்டுக் கதையை முடித்தார்கள். 2020இல் மறுபடி ஆரம்பித்தபோது -10000 என்று ஒரு புத்தகம் வந்தது. அன்றே போய் வாங்கினேன்.