குர்சுராவில் அப்பாவோடு இருந்தவர்களைத் தேடுகிறேன்

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். அப்பா கடற்படையில் குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பலில் மாலுமி. போன ஐப்பசியில் தவறிவிட்டார். வருஷ திதிக்குள் அவரையும், அவருக்கு முன்பே போய்விட்ட கப்பல் தோழர்களையும் பற்றி ஒரு சின்ன நினைவுப் புத்தகம் போட நினைக்கிறோம். ஒரு தோழர் பெயர்கூட கிடைக்கவில்லை.

கையில் இருப்பது: ஐ.என்.எஸ். குர்சுரா, 1972 முதல் 1979 வரை, எஞ்சின் ரூம். இரும்புப் பெட்டியில் நீர்மூழ்கி மாலுமிகள் அணியும் ஒரு டால்பின் பேட்ஜ், மேல்தளத்தில் ஆறு பேர் நிற்கும் போட்டோ. பின்னால் பென்சிலில் இருந்த பெயர்களை எங்கள் ஊர் ஈரம் தின்றுவிட்டது. 'தூத்துக்குடி' மட்டும் தெரிகிறது.

சர்வீஸ் நம்பரோடு ஊட்டியில் ஓர் அலுவலகத்துக்கு இரண்டு முறை அலைந்தேன். பென்ஷன் விவரம் தவிர எதுவும் இல்லையாம். வெலிங்டன் பக்கம் தெரிந்தவர்கள் எல்லாரும் ராணுவம். கடற்படை ஆள் குதிரைக்கொம்பு. 2001இல் ஓய்வு கொடுத்த குர்சுரா இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் மியூசியம், அங்கேயும் போனேன். வழிகாட்டி போட்டோவை உற்றுப் பார்த்தார், அவர் காலம் வேறு. உள்ளே குனிந்து நடந்தபோதுதான், அப்பா ஏன் வீட்டு நிலைப்படியிலும் தலை குனிவார் என்று புரிந்தது.

1970களில் குர்சுராவில் இருந்தவர்களோ, அவர்கள் பிள்ளைகளோ உங்கள் உறவில், தெருவில் யாராவது இருக்கிறார்களா?