தம்பி சிகரெட்டை நிறுத்தினான், ரத்தத்தில் மருந்து ஏறிவிட்டது. உங்கள் வீட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

காவிரிக்கரை அக்கா:

என் தம்பிக்கு 36 வயது. 22 வயதில் மனச்சிதைவு நோய் என்று சொன்னார்கள். முதலில் கொடுத்த இரண்டு மருந்துகளும் கேட்கவில்லை. அப்புறம் குளோசபைன் ஆரம்பித்தார்கள். வெள்ளையணு குறைகிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்த அந்த முதல் மாதங்களைக் கடந்த பிறகு, அவன் காதில் பேசிக்கொண்டிருந்த குரல்கள் அடங்கின. ஒன்பது வருடமாக ராத்திரி மாத்திரையை நான்தான் எண்ணிக் கொடுக்கிறேன். 400 மில்லிகிராம்.

சிகரெட்டை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட், 20 சிகரெட். அவனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

போன வருடம் குடலிறக்க ஆபரேஷனுக்காக ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். காயத்தில் சீழ் வைத்து 11 நாள் தங்க வேண்டியதாயிற்று. உள்ளே சிகரெட் கிடையாது. முதல் மூன்று நாள் எரிந்து விழுந்தான், அறைக்குள்ளேயே நடந்தான். அது எதிர்பார்த்ததுதான். ஐந்தாம் நாளிலிருந்து வேறு மாதிரி ஆகிவிட்டது. தலையணை நனையும் அளவுக்கு எச்சில். 16, 17 மணி நேரத் தூக்கம். எழுப்பினால் நாக்கு குழறியது. பாத்ரூமுக்குப் போக சுவரைப் பிடித்துக்கொண்டான். நாலு நாளாக மலம் போகவில்லை. ரவுண்ட்ஸ் வந்தவரிடம் சொன்னேன். ஃபைலைப் புரட்டிவிட்டு, "மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்தானே, அப்படித்தான் இருப்பார்" என்றார். அந்த "தானே" இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

அன்று சாயங்காலம் தம்பியின் மனநல மருத்துவருக்கு போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "சிகரெட் பிடித்து எத்தனை நாளாச்சும்மா?"

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். புகையிலை எரியும்போது வரும் கரிப்பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. குளோசபைனைச் சிதைப்பது அந்த நொதிதான். அதனால் புகைப்பவர் உடம்பில் மருந்து வேகமாகக் கரைகிறது, டாக்டர் அளவைக் கூட்டித்தான் கொடுத்திருப்பார். புகை நின்ற சில நாட்களில் நொதி பழைய நிலைக்கு இறங்கிவிடும். அதே 400 மில்லிகிராம் இப்போது ரத்தத்தில் ஒன்றரை மடங்கு, சிலருக்கு இரண்டு மடங்குகூட நிற்கும். ரொம்ப ஏறினால் வலிப்பு வரலாம். குளோசபைனில் வரும் மலச்சிக்கலையும் லேசாக எடுக்கக் கூடாது, குடலே அடைத்துக்கொள்ளலாம் என்றார். இது நிகோட்டின் செய்கிற வேலை இல்லை, புகை செய்கிற வேலை. அதனால் நிகோட்டின் சூயிங்கம் மென்றாலும், பேட்ச் ஒட்டினாலும் மருந்தின் அளவு ஏறத்தான் செய்யும்.

ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்று பார்த்து, படிப்படியாக 275-க்குக் குறைத்தார். ஒரு வாரத்தில் தம்பி பழைய தம்பி ஆனான். வீட்டுக்கு வந்ததும் மறுபடி பெட்டிக்கடைக்குப் போக ஆரம்பித்தான். எனக்கும் உறைக்கவில்லை. மூன்றாவது வாரம் மின்விசிறிக்குக் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தான். "என்னடா?" என்றேன். "உள்ளே பேசறாங்க அக்கா" என்றான். ஒன்பது வருடத்துக்கு அப்புறம்.

விட்டபோது ஒரு ஆபத்து, மறுபடி தொட்டபோது இன்னொரு ஆபத்து. இரண்டையும் எங்களுக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

ராத்திரி ஷிப்ட்:

அக்கா, படித்ததும் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. நான் சென்னையில் ஐ.டி. வேலை, நாலு வருடமாகப் பதற்ற நோய்க்கு மாத்திரை எடுக்கிறேன். நெஞ்சு படபடத்தால் கீழே டீக்கடைக்குப் போய் ஒரு தம். புகையை இழுத்தவுடனே தணிந்துவிடும். சிகரெட்தான் என்னைக் காப்பாற்றுகிறது என்று உண்மையாகவே நம்பினேன்.

கவுன்சலர் ஒரு நோட்டு கொடுத்து, படபடப்பு வரும் நேரத்தையும் கடைசியாகப் பிடித்த நேரத்தையும் ஒரு வாரம் எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தால், முக்கால்வாசிப் படபடப்பு கடைசி சிகரெட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் வந்திருக்கிறது. நிகோட்டின் சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடுமாம், ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மணி நேரம்தான் ஆகுமாம். அது இறங்கும்போது வருகிற எரிச்சல், பதற்றம், கவனம் சிதறுவது எல்லாம் என் நோயின் அறிகுறிகளைப் போலவே இருக்கின்றன. அடுத்த சிகரெட் தணித்தது முந்தின சிகரெட் விட்டுப்போன பதற்றத்தைத்தான். எல்லாமே அதுதான் என்று சொல்லமாட்டேன், என் பதற்றம் சிகரெட்டுக்கு முன்னாலேயே இருந்தது. ஆனால் எது எதனுடையது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது பெரிய விஷயம்.

நடுவில் ஒரு நண்பன் பேச்சைக் கேட்டு வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, மாறினேன். இந்தியாவில் 2019-லிருந்தே விற்கத் தடை, ஆனாலும் எப்படியோ கிடைத்தது. சிகரெட்டாவது எரிந்து முடியும், அதற்காகப் படியிறங்கவும் வேண்டும். இது கட்டிலிலேயே, பாத்ரூமிலேயே. மூன்று மாதத்தில் ராத்திரி முழித்து இழுக்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

மறுபடி சிகரெட்டுக்கே திரும்பி, அதையும் விட்டபோது முதல் வாரம் கை நடுக்கம் தாங்கவில்லை. காபியைக் குறைக்கச் சொன்னார்கள். அக்கா சொன்ன அதே நொதிதான் காபியையும் சிதைக்கிறதாம்! எப்போதும் போல ஐந்து காபி குடித்துக்கொண்டு, சிகரெட்டை விட்டதால்தான் பைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்திருந்தேன். இரண்டாகக் குறைத்ததும் நடுக்கம் நின்றது. நிகோட்டின் கம் பயன்படுத்துபவர்கள் சாதாரண சூயிங்கம் போல மெல்லாதீர்கள். எனக்கு விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்தன. மெதுவாகக் கடித்து, சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கிவைக்க வேண்டும்.

ஜூரோங் அம்மா:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 17. அப்பா இறந்த பிறகு அறையை விட்டு வெளியே வருவதே குறைந்தது. மாம்பழ வாசனை அடித்தது, ஏதோ சென்ட் என்று நினைத்தேன். தலையணை உறை மாற்றும்போது வேப் கிடைத்தது. இங்கே வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து சட்டம் இன்னும் கடுமை, ஏனென்றால் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைக் கலந்து விற்கிறார்கள். பயத்தில் கத்தினேன். அது தப்பு. இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை.

அப்புறம் ஒரு ராத்திரி அவனே வந்து, "காலையில கண் திறக்கிறதுக்கு முன்னாடியே நெஞ்சு அடிச்சுக்குதும்மா" என்றான். மனச்சோர்வுக்கும் வேப்புக்கும் ஒரே இடத்தில் சிகிச்சை நடக்கிறது. எது முதலில் வந்தது என்று டாக்டரிடம் கேட்டேன். "இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்" என்றார்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

நான் 30 வருடம் மனநல வார்டில் வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் பீடிதான் எங்களுக்குச் சாவி. "மாத்திரை போட்டுக்கோ, பீடி தரேன்." "குளிச்சிட்டு வா, பீடி தரேன்." நானே என் கையால் கொடுத்திருக்கிறேன். பீடி பிடிக்கத் தெரியாமல் வந்த பையன்கள் எங்கள் வார்டில் கற்றுக்கொண்டு போனார்கள். இரக்கத்தில்தான் செய்தோம்.

தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் இதயம், நுரையீரல் போன்ற உடல் நோய்களால். மனநோயிலிருந்து தேறி வீட்டுக்குப் போனவர்கள் 50 வயதில் மாரடைப்பில் போன செய்தி வரும்போதெல்லாம் அந்தப் பீடிக் கட்டு என் கண்முன் வந்து நிற்கும். "அவனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம்" என்று எழுதியிருக்கிறாயே தங்கச்சி, நாங்களும் அதையேதான் சொன்னோம். அவர்களுக்கும் விட ஆசை உண்டு. நாங்கள் ஒருவரையும் கேட்டதில்லை.

லெஸ்டர்வாசி:

சிஸ்டரின் பதிவு நெஞ்சைத் தொட்டது. நான் இங்கிலாந்தில் பராமரிப்பு ஊழியர். இங்கே 2008-லிருந்து மனநல வார்டுக்குள் புகைக்கக் கூடாது. சிகரெட்டை விட விரும்பும் பெரியவர்களுக்கு மருத்துவத் துறையே வேப் கொடுத்துப் பார்க்கிறது, பலருக்கு உதவியும் இருக்கிறது. அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜூரோங் அம்மாவின் பையனைப் போல, புகைக்காத பிள்ளை அதில் தொடங்குவது வேறு கதை. ஆனால் வேப்பில் எரிவது எதுவும் இல்லை, எனவே குளோசபைன் எடுப்பவர் சிகரெட்டிலிருந்து வேப்புக்கு மாறினாலும் அக்கா சொன்ன அதே ஆபத்து உண்டு. டாக்டருக்குச் சொல்லாமல் மாறாதீர்கள்.

பெயர் வேண்டாம்:

நான் இன்னும் விடவில்லை. மூன்று முறை முயன்றேன். சிகரெட்டை விட உதவும் வரனிக்லின் மாத்திரையை மனச்சோர்வு உள்ளவர்கள் எடுத்தால் தற்கொலை எண்ணம் வரும் என்று யாரோ சொன்னதால் அதைத் தொடவே இல்லை. பிறகுதான் டாக்டர் 2016-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். 8,000 பேருக்கு மேல், பாதிப் பேர் மனநல நோய் உள்ளவர்கள், அப்படிப்பட்ட ஆபத்து குறிப்பிடும்படி கூடவில்லை. அமெரிக்காவில் அந்த மாத்திரைமீது இருந்த கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையையும் அந்த வருடமே எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் தொடங்குகிறேன். என் கணவர் ஒலான்சபின் என்ற மனநல மருந்து எடுக்கிறார், அவரும் என்னோடு விடுகிறேன் என்கிறார். அவருக்கும் அளவு மாறுமா அக்கா?

காவிரிக்கரை அக்கா:

மாறும். குளோசபைன் அளவுக்கு இல்லை, ஆனால் ஒலான்சபினும் அதே வழியில்தான் சிதைகிறது. நிறுத்தும் தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஒரே நாளில் விடுகிறாரா, கொஞ்சம் கொஞ்சமாகவா என்பதையும் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையைக் குறைக்க வேண்டாம். ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேசவேண்டும் போல இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுகிறார்கள். புகையிலையை விடுவதற்கு உதவி எண் 1800-11-2356.

சிஸ்டர், உங்கள் பதிவைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். ஒன்பது வருடத்தில் நான் அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை, அன்றுதான் கேட்டேன். "விடணும்தான்" என்றான். இப்போது காலண்டரில் மாத்திரைக்கு ஒரு கோடு, சிகரெட்டுக்கு ஒரு கோடு போடுகிறோம். டாக்டரிடம் போகும்போதெல்லாம் அவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். 20-இல் இருந்து 12-க்கு வந்திருக்கிறான். மருந்து 325. குரல் மறுபடி அடங்கியிருக்கிறது.