மூன்று அச்சு ஃபோர்ஸ் ஃபீட்பேக் கருவிக்கு லினக்ஸ் டிரைவர்: யோசனை வேண்டும்

வணக்கம். கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) டிரைவர் எழுதிப் பழகியவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் கை கொடுங்கள்.

மூன்று மோட்டார் வைத்த ஒரு சின்னக் கை செய்திருக்கிறேன். பிடியை இடவலம், முன்பின், மேல்கீழ் என்று எந்தப் பக்கம் தள்ளினாலும் அது எதிர்த்துத் தள்ள வேண்டும். யுஎஸ்பி ஃபுல் ஸ்பீடு; 1 மில்லி வினாடிக்கு ஒரு பாக்கெட் போகிறது, அதில் குறையில்லை.

சிக்கல் லினக்ஸின் இன்புட் அமைப்பில். ஒவ்வொரு விசை விளைவையும் விவரிக்கும் அதன் எஃபெக்ட் ஸ்ட்ரக்ட்டில் (தரவுக் கட்டமைப்பு) திசைக்கு இருப்பது ஒரே ஒரு 16 பிட் எண், அதாவது ஒரு தளத்தில் சுற்றும் கோணம். ஸ்பிரிங் (சுருள்வில் போல எதிர்ப்பது), டாம்பர் (அசைவின் வேகத்தைத் தடுப்பது) என்ற எஃபெக்ட் வகைகளுக்கும் இரண்டு அச்சுக்குத்தான் இடம். ஜாய்ஸ்டிக்குக்கு அது போதும், என் மேல்கீழ் அச்சை எங்கே சொருகுவது? இதே வேலைக்கு விண்டோஸில் இருக்கும் டைரக்ட் இன்புட்டில் அச்சுகளின் பட்டியலையே கொடுக்கலாம், பொறாமையாக இருக்கிறது.

ஸ்ட்ரக்ட்டை நீட்டினால் அதன் அளவு மாறும், கூடவே ஐஆக்டில் (புரோகிராம் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) எண்ணும் மாறும். பழைய புரோகிராம்கள் படுத்துவிடும். அச்சுக்கு ஒரு இன்புட் டிவைஸ் என்று பிரித்தால், மூன்று எஃபெக்ட்டும் ஒரே கணத்தில் தொடங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பிடி கோணலாக இழுக்கும். எச்ஐடிரா (கருவியோடு நேரடியாகப் பேச விடும் hidraw) வழியாக யூசர் ஸ்பேஸிலேயே, அதாவது கர்னலுக்கு வெளியே சாதாரண புரோகிராமிலேயே முடித்துக்கொள்ளலாம்தான், ஆனால் எந்த கேமும் கருவியைக் கண்டுகொள்ளாது.

புதிய ஐஆக்டில் ஒன்றைச் சேர்த்து, பழையதை அப்படியே விடுவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. இந்த மாதிரி யாராவது செய்திருக்கிறீர்களா? புதிய ஸ்ட்ரக்ட்டில் திசையைக் கோணங்களாக வைப்பதா, அச்சுக்கு ஒரு விசை மதிப்பாக வைப்பதா?