பாசிச் சாறு பிழியும் பொறிக்குத் தனியுரிமம் கொடுக்கலாமா?

தொண்டிக்கரையான்:
மண்டபம், பாம்பன் பக்கம் வளர்க்கிற காப்பாஃபைகஸ் கடற்பாசியைக் காயப்போடாமல் பச்சையாகவே பிழிந்து சாறெடுக்க ஒரு சின்னப் பொறியைப் பல்கலைக்கழக ஆய்வகம் வடிவமைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் காப்புரிமையை ஒரே கம்பெனிக்குத் தனியுரிமமாகக் கொடுக்கலாமா? கூடவே கூடாது என்பது என் கட்சி.

கணக்கைப் பாருங்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி: ஆக 60 கிலோ. ஓரா மீன் கடிக்காமல், கிளை வெளுத்து ஒடிகிற ஐஸ்-ஐஸ் நோய் வராமல் இருந்தால் 45 நாளில் சுமார் 240 கிலோ. காயவைத்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பயிருக்குத் தெளிக்க வேண்டிய சாறு வெயிலோடு போய்விடும். பிழிகிற பொறி ஒருவர் கையில் மட்டும் இருந்தால் பச்சைப்பாசிக்கு விலை சொல்கிறவரும் அவர்தான். அறுத்துக் கரையேற்றிய பாசி சீக்கிரம் கெடும், வேறு ஆளைத் தேட நேரம் கிடையாது. 2000 வாக்கில் பெப்சி கம்பெனி ஒப்பந்தம் போட்டு வளர்க்க வைத்ததால் இன்றும் பலர் இதை 'பெப்சிப் பாசி' என்றே சொல்கிறார்கள். ஒரே கொள்முதல்காரர் என்றால் என்ன என்று இந்தக் கரைக்கு விளக்க வேண்டியதில்லை.

உரிமப்பிரிவு:
தம்பி, திறந்துவிட்டதெல்லாம் தானாகக் கரை சேராது. பச்சைப்பாசியிலிருந்து சாறும், உணவைக் கெட்டியாக்கும் கேரஜீனனும் சேர்த்து எடுக்கும் முறைக்கு மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். 2005-ல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை, எண் 6893479, காலம் முடிந்து பொதுவாகிவிட்டது. யாரும் படிக்கலாம், செய்யலாம். அப்புறம் ஏன் ஒவ்வொரு மகளிர் குழுவும் சாறு விற்கவில்லை? 2021 பிப்ரவரியில் கடற்பாசிச் சாறு உயிரூக்கி (பயிர் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்) என்ற பெயரில் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தது. விற்கப் பதிவு வேண்டும். பதிவுக்கு வயல் சோதனைத் தரவும் நச்சுத்தன்மைச் சோதனையும் வேண்டும். அந்தப் பணத்தைப் போடுகிறவருக்குப் பாதுகாப்பு இல்லையென்றால் யார் போடுவார்கள்?

சேதுக்கரை செல்வி:
அண்ணே, செலவு உண்மைதான். ஆனால் அது பாட்டிலுக்கு ஆகிற செலவு, பொறிக்கு இல்லை. பதிவு பொருளுக்குத்தான், தரவும் பதிவு செய்தவரிடம்தான் இருக்கும். அதை மீட்கப் பொறியின் காப்புரிமையை ஏன் பூட்ட வேண்டும்? ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் கோஹன்-போயர் மரபணு இணைப்புக் காப்புரிமையை யாருக்கும் தனியாகக் கொடுக்கவில்லை. கேட்ட 468 நிறுவனங்களுக்கும் கொடுத்து, 1997-ல் காலம் முடிவதற்குள் ஏறக்குறைய 25.5 கோடி டாலர் வந்தது. பலர் கையில் போக வேண்டிய கருவிக்கு அதுதான் வழி.

உரிமப்பிரிவு:
அம்மா, அது ஆய்வக முறை. இது கடல் காற்றில் நிற்கிற இரும்பு. சாற்றில் பொட்டாசியம் குளோரைடு நிறைய. 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில் செய்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும், 316 வேண்டும். திருகு அழுத்தியில் பாசி கூழாகிச் சல்லடையை அடைக்கும். துளையைப் பெரிதாக்கினால் சக்கை சாற்றோடு வரும், வடிகட்டி திணறும். பதப்படுத்தாத சாறு புளித்து கேன் உப்பும். ஊர் லேத்தில் மலிவாக நகல் செய்து நாலு இடத்தில் கெட்டால் பொறிக்கே கெட்ட பெயர். தனியுரிமம் இருந்தால் தரத்துக்கு ஒருவர் பொறுப்பு.

தொண்டிக்கரையான்:
தரத்துக்குக் காப்புரிமை எதற்கு? வரைபடத்தில் 316 என்று எழுதி, சல்லடை அளவு, கழுவும் முறை எல்லாம் போட்டு வெளியிடுங்கள். பல்கலைக்கழகம் 1999 வணிகச் சின்னச் சட்டத்தில் சான்றளிப்புச் சின்னம் பதிந்து, சோதனையில் தேறுகிற பட்டறைக்குக் கொடுக்கட்டும். ராமநாதபுரத்துப் பட்டறைக்காரர் செய்தால் பழுது பார்ப்பவரும் பக்கத்தில் இருப்பார்.

உரிமப்பிரிவு:
வெளியிட்டால் அந்த வடிவத்தை யாரும் காப்புரிமை ஆக்க முடியாது, சரி. ஆனால் அதன் மேல் ஒரு மேம்பாடு செய்து, தானே அடைக்காத சல்லடை என்று வைத்துக்கொள்ளுங்கள், வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். அதைத் தடுக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது. இன்னொன்று, முதலில் வெளியிட்டுவிட்டுப் பிறகு மனம் மாறினால் பல நாடுகளில் கதவு மூடிவிடும். இங்கே காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 31 தரும் 12 மாதச் சலுகை அறிவிக்கப்பட்ட கண்காட்சி, கற்றோர் அவையில் வாசித்த கட்டுரை மாதிரிச் சில வகைக்குத்தான். எந்த வழி போனாலும் கண்டுபிடிப்பின் முதல் விவரம் சொல்லும் தற்காலிக விவர அறிக்கையை முதலில் தாக்கல் செய்யுங்கள். முழு அறிக்கைக்கு 12 மாதம் கிடைக்கும். கல்வி நிறுவனத்துக்கு 2021 முதல் அரசுக் கட்டணத்தில் 80 சதவீதக் குறைப்பும் உண்டு.

சேதுக்கரை செல்வி:
தாக்கல் செய்யலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. எடுத்ததை எப்படிக் கொடுப்பது என்பதுதான் சண்டை. பட்டறைகளுக்குப் பொது உரிமம், அதாவது கேட்கிற எல்லோருக்கும்; சிறு முன்பணம். மீனவர் கூட்டுறவும் மகளிர் குழுவும் சொந்தப் பயன்பாட்டுக்குச் செய்துகொள்ள உரிமத்தொகை இல்லை. மேம்பாடு செய்தால் அதே விதிகளில் எல்லோருக்கும் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. உங்கள் சல்லடைக்காரரும் உரிமம் வாங்கியவர் என்றால் அந்த வரிக்குள் வருவார். தனியுரிமம் கேட்பவருக்குச் சாற்றுப் பொருளில் மட்டும், அதுவும் 3 வருடம். சட்டத்தை நம்பியிருக்க முடியாது: பிரிவு 84-இல் உரிமையாளர் சம்மதமில்லாமலே அரசு கொடுக்கும் கட்டாய உரிமம் என்று இருந்தாலும் இதுவரை கொடுத்தது 2012-ல் புற்றுநோய் மருந்துக்கு ஒரே ஒரு தடவை.

இன்னொன்று, பொறி திறந்திருந்தால் எங்கு வேண்டுமானாலும் பாசி நடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளத்தின் மேல் படர்ந்தது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளையும் விட்டுத் தள்ளித்தான் நட வேண்டும்.

உரிமப்பிரிவு:
3 வருடம் போதாது. சோதனைக்கும் பதிவுக்குமே ஒரு நல்ல பகுதி போய்விடும். 5 வருடம், ஆண்டுக்குக் குறைந்தபட்ச உற்பத்தி, தவறினால் தானாகவே பொது உரிமம். இப்படி என்றால் கம்பெனி உட்கார்ந்து பேசும்.

தொண்டிக்கரையான்:
5 வருடத்துக்கு ஒத்துக்கொள்ளலாம், ஆனால் குறைந்தபட்சத்தை லிட்டரில் வைக்காதீர்கள். கரையில் வாங்கிய பச்சைப்பாசியின் எடையிலும், அதற்குக் கொடுத்த விலையிலும் வையுங்கள். கொள்முதல் சீட்டு வளர்ப்பவரிடமும் ஒரு பிரதி இருக்க வேண்டும். பொறியின் முழு வரைபடமும் முதல் நாளே பல்கலைக்கழகத்தில் வைப்பாக இருக்க வேண்டும். கம்பெனி மூடிவிட்டுப் போனால் பொது உரிமம் காகிதத்தில் மட்டும் இருக்கும், பொறியைச் செய்ய ஆளிருக்காது.

உரிமப்பிரிவு:
எடைக் கணக்கில் ஈரம் சேர்த்து ஏமாற்றுவார்கள் தம்பி. தண்ணீர் வடிய எத்தனை நிமிடம் கயிற்றில் தொங்கவிட்ட பிறகு எடை போடுவது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.