ஐப்பசியில் பதிவு, தையில் முகூர்த்தம்: யுகே ஸ்பவுஸ் (வாழ்க்கைத்துணை) விசாவுக்கு எதை எப்போது செய்வது?

கோவென்ட்ரி_நெல்லை:

எல்லோருக்கும் வணக்கம். நான் யுகேவில் ஐஎல்ஆர் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வாங்கியாகிவிட்டது, வேலை கோவென்ட்ரியில், சொந்த ஊர் திருநெல்வேலி. ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்து, தையில் முகூர்த்தம் குறித்து, மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. நடுவில் தீபாவளிக்கு இரண்டு வாரம் ஊருக்கு வருகிறேன்.

பெண்ணின் சித்தப்பா, "தீபாவளிக்கு வரும்போதே ரிஜிஸ்டர் பண்ணி சர்டிபிகேட் வாங்கிவிடுங்கள், விசாவுக்குப் போட்டுவிட்டால் தையில் தாலி கட்டிய கையோடு இரண்டு பேரும் ஒன்றாக விமானம் ஏறலாம்" என்கிறார். அவருக்குத் தெரிந்த ஏஜென்ட், சடங்கு எதுவும் நடத்த வேண்டாம், கோயிலில் கல்யாணம் நடந்ததாக ஒரு ரசீது ஏற்பாடு செய்துவிடலாம் என்கிறாராம். எனக்கு அது உறுத்துகிறது. என் அம்மாவுக்கோ, தாலி ஏறுவதற்கு முன்னால் கல்யாணம் ஆகிவிட்டது என்று காகிதத்தில் எழுதுவதே பிடிக்கவில்லை.

ஜூன் கடைசியில் புதுக் கம்பெனிக்கு மாறினேன். இப்போது சம்பளம் வருடத்துக்கு 34,000 பவுண்டு, முன்பு 31,000. ஒரே இடத்தில் ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார். பெண் தமிழ்நாட்டில் பி.இ. முடித்து வேலையில் இருக்கிறார், அவருக்கு ஆங்கிலத் தேர்வு வேண்டுமா? நான் இப்போது நண்பர்களோடு ஒரு வீட்டில் இருக்கிறேன், அது பிரச்சினையா? இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.

லெஸ்டர் அக்கா:

தம்பி, அந்த ரசீது யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். இந்து திருமணச் சட்டத்தின் 8ஆம் பிரிவு என்பது நடந்து முடிந்த திருமணத்தைப் பதிவு செய்வதற்கு மட்டும்தான், பதிவே திருமணம் ஆகிவிடாது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: சடங்கே நடக்காமல் ஓர் அமைப்பு கொடுத்த சான்றிதழை வைத்துப் பதிவு செய்த ஒரு ஜோடியின் திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வெளிநாட்டு விசாவுக்கு நேரம் மிச்சம் என்று இப்படி முன்கூட்டியே பதிவு செய்கிற வழக்கத்தையும் அந்தத் தீர்ப்பிலேயே கண்டித்திருக்கிறார்கள். அதாவது பெண்ணின் சித்தப்பா சொல்வதை அப்படியே எடுத்துப் பேசியிருக்கிறார்கள். யுகேவும், கல்யாணம் எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாட்டுச் சட்டப்படி செல்லுமா என்றுதான் பார்க்கும். அங்கேயே செல்லாத கல்யாணத்தைக் காட்டி விசா வாங்கிவிட்டால், அதற்குப் பிறகு போடுகிற ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்தப் பெண் அதைச் சுமக்க வேண்டியிருக்கும்.

ஆனால் ஐப்பசியிலேயே முடிக்க நேர்மையான வழி ஒன்று இருக்கிறது, அதுவும் நம் தமிழ்நாட்டுக்கு என்றே இருக்கிறது. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள், சுயமரியாதைத் திருமணத்துக்காக. உறவினர்கள், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று சொன்னாலே போதும், அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஏதாவது ஒன்று. ஐயர், அக்னி எதுவும் கட்டாயமில்லை. ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதும் இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

உங்கள் அம்மாவின் மனக்குறைக்கும் இதில் விடை இருக்கிறது, கவனித்தீர்களா? தீபாவளி சமயத்தில் வீட்டிலேயே இரு குடும்பமும் கூடி மாலை மட்டும் மாற்றிக்கொண்டு அதைப் பதிவு செய்யுங்கள். தாலி தையில் முகூர்த்தத்தில் ஏறட்டும். சர்டிபிகேட்டில் ஐப்பசி தேதி, பத்திரிகையில் தை தேதி என்று இருக்கும், அது தப்பே இல்லை, விண்ணப்பத்தோடு வைக்கிற கடிதத்தில் இரண்டையும் உள்ளபடி எழுதிவிடுங்கள். மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

சடங்கில்லாமல் பதிவாளர் முன்னால் மணக்கிற சிறப்புத் திருமணச் சட்டம் உங்களுக்குச் சரிவராது, நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும்.

பர்மிங்காம்_கணக்கன்:

அக்கா சொன்னது சட்டப்படி சரி. ஆனால் நான் கேட்பது, அவ்வளவு அவசரம் எதற்கு? காகிதங்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2024 ஏப்ரல் 11 முதல் ஸ்பான்சரின், அதாவது துணையை வரவழைப்பவரின், ஆண்டு வருமானம் குறைந்தது 29,000 பவுண்டு இருக்க வேண்டும், அதற்கு முன் 18,600. உங்களுக்கு 34,000 இருக்கிறது, சரி. ஆனால் ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் முடித்தவர்களுக்கு ஒரு வழி, முடிக்காதவர்களுக்கு வேறு வழி. ஆறு மாதம் முடிந்திருந்தால் அந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அதே மாதங்களுக்கான வங்கி ஸ்டேட்மென்ட், கம்பெனிக் கடிதம், அவ்வளவுதான். முடியவில்லை என்றால் இப்போதைய ஆண்டுச் சம்பளமும் குறைந்தது 29,000 இருக்க வேண்டும், கடந்த 12 மாதத்தில் வரிக்கு முன் சம்பாதித்த மொத்தமும் குறைந்தது 29,000 இருக்க வேண்டும். நீங்கள் அதிலும் தேறிவிடுவீர்கள், ஆனால் பழைய கம்பெனியிடமும் போய் கடிதம் கேட்க வேண்டும். வேலையை விட்டுப் போனவனுக்கு எச்ஆர் எவ்வளவு வேகமாகக் கடிதம் கொடுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஐப்பசியில் பதிவு செய்து கார்த்திகையில் விண்ணப்பித்தாலும், முடிவு வர மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டால் தை முடிந்துவிடும். ஒன்றாக விமானம் ஏறுவது அப்போதும் நிச்சயமில்லை, பிரையாரிட்டி என்ற விரைவுச் சேவைக்குத் தனியாகப் பணம் கட்டினால்தான் உண்டு. அதற்குப் பதில் தையில் ஒரே கல்யாணமாக முடித்து, அந்த வாரமே பதிவு செய்து, ஆறு மாதச் சீட்டோடு விண்ணப்பியுங்கள். ஒரு தேதி, ஒரு சர்டிபிகேட், விளக்கக் கடிதமே தேவையில்லை. சில மாதம் பிரிந்திருக்க வேண்டும், அது கஷ்டம்தான், இருந்தாலும் நான் அந்த வழியைத்தான் சொல்வேன். கடைசிச் சம்பளச் சீட்டும் ஸ்டேட்மென்ட்டும் விண்ணப்பிக்கும் நாளுக்கு 28 நாளுக்குள் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பெண்ணின் இந்தியச் சம்பளம் இந்தக் கணக்கில் வராது. அவர் பெயரில் இருக்கிற சேமிப்பு வரும், ஆனால் ஆறு மாதம் கையில் இருந்திருக்க வேண்டும், முதல் 16,000 பவுண்டைக் கழித்துவிட்டு மீதியைத்தான் பார்ப்பார்கள். உங்களுக்கு அது தேவைப்படாது.

பணத்தை இப்போதே ஒதுக்குங்கள். வெளிநாட்டிலிருந்து போடும் விண்ணப்பத்துக்கு 2025 ஏப்ரலில் 1,938 பவுண்டு ஆக்கினார்கள். ஹெல்த் சர்சார்ஜ் (அரசு மருத்துவச் சேவைக்கு முன்கூட்டியே கட்டுவது) வருடத்துக்கு 1,035, விசா 33 மாதம் என்பதால் மூன்று வருடக் கணக்கில் 3,105. மண்டபச் செலவோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், கட்டும் அன்று அரசுத் தளத்தில் பார்த்துக் கட்டுங்கள்.

ஹரோ_யாழ்:

நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கத்தில் முதலில் எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், பிறகுதான் கலியாண வீடு. எழுத்து முடிந்தாலே சட்டப்படி கணவன் மனைவி, அந்தப் பத்திரத்தை வைத்து விசாவுக்குப் போட்டுவிட்டு, விசா கிடைத்தபிறகு தாலிகட்டு வைக்கிற குடும்பங்கள் நிறைய. இலங்கைச் சட்டத்தில் பதிவாளர் முன்னால் நடப்பதே திருமணம் என்பதால் அது செல்லும். லண்டனில் இருக்கிற எங்கட ஆட்கள் யாராவது "நாங்களும் அப்படித்தானே செய்தோம்" என்று உங்களுக்குச் சொன்னால் கேட்காதீர்கள் தம்பி, உங்கட நாட்டுச் சட்டம் வேறு.

இன்னொன்று, பெண்ணைக் கூட்டிவந்து இங்கே கோயிலில் கட்டலாம் என்றும் யாராவது சொல்லுவார்கள். இங்கிலாந்தில் அந்தக் கட்டடம் திருமணத்துக்கென்று பதிவாகியிருக்க வேண்டும், பதிவு அலுவலகத்தில் நோட்டீசும் கொடுத்திருக்க வேண்டும். வெறும் சடங்கு மட்டும் நடந்தால் சட்டத்தின் கண்ணில் அது திருமணமே இல்லை. நிச்சயமானவர்களுக்கான பியான்ஸே விசாவில் வந்தால் ஆறு மாதம்தான், வேலை செய்ய முடியாது, கலியாணம் முடிந்து திரும்பவும் விண்ணப்பித்துத் தனியாகக் கட்டணம் கட்டவேண்டும்.

பேசிச் செய்த கலியாணம் என்றால் உறவுக்கு ஆதாரம் குறைவாக இருக்குமோ என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் இரண்டு பேரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், அது விதி. பெண் பார்த்த நாள் படம், நிச்சயதார்த்தப் படம், விமான டிக்கெட், வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியல் எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள். ஆல்பம் முழுக்கத் தேவையில்லை, இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் தெரிகிற படங்களாகத் தெரிவு செய்யுங்கள். தமிழில் இருக்கிற எந்தப் பத்திரத்துக்கும் முழு மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவர் சரியான மொழிபெயர்ப்பு என்று எழுதி, பெயர், தேதி, கையெழுத்து, தொடர்பு விவரம் கொடுக்கவேண்டும்.

பாளை_ஆவண எழுத்தர்:

ஊர்க்காரர் என்பதால் எழுதுகிறேன். பதிவில் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெயரில்தான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் வேறு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகியிருக்கும். ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பும்போது ஆங்கிலத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே வரவேண்டும், ஓர் எழுத்துகூட மாறக்கூடாது, இனிஷியல் போட்டுச் சுருக்கவும் கூடாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அச்சானதை வாங்கி, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். வெளியே கூட்டம் நிற்கிறதே என்று அவசரப்பட வேண்டாம். பிறகு திருத்துவது பெரிய அலைச்சல், நீங்கள் வேறு அங்கே போய்விடுவீர்கள்.

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இன்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. மாப்பிள்ளை லீவு முடிந்து பறந்துவிட்டால் இந்த நாட்கள் வேகமாகப் போய்விடும், அதனால் நீங்கள் ஊரில் இருக்கும்போதே முடியுங்கள். பத்திரிகை, கல்யாணப் படம், மண்டப ரசீது, வயது முகவரிச் சான்று, சாட்சிகள் எல்லாம் முந்தின நாளே தயாராக இருக்கட்டும்.

கோவென்ட்ரி_நெல்லை:

அக்கா, மாலை மாற்றும் யோசனையை அம்மாவிடம் சொன்னேன். தாலி தையில்தான் என்றதும் முகம் தெளிந்தது, ஆனால் இரண்டு தேதி எதற்கு என்று அவரே கேட்டார். கணக்கண்ணன் சொன்னதைப் பார்த்தபிறகு எனக்கும் அதே எண்ணம்தான். பெண்ணிடமும் பேசினேன், இரண்டு மூன்று மாதம் காத்திருக்கலாம், ரசீது வாங்கி எதுவும் செய்ய வேண்டாம் என்று அவர்தான் உறுதியாகச் சொன்னார். அதனால் தையிலேயே ஒரே கல்யாணம், மறுநாளே பதிவு, மாசியில் விண்ணப்பம்.

ஆங்கிலத் தேர்வு, வீடு பற்றி யாரும் சொல்லவில்லையே? பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்க்க வேண்டுமா?

லெஸ்டர் அக்கா:

நல்ல முடிவு. அந்தப் பெண்ணிடம் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

பி.இ. ஆங்கிலத்தில் படித்ததை எக்டிஸ் (வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் யுகே அமைப்பு) மூலம் உறுதிப்படுத்திக் காட்டினால் தேர்வு தேவையில்லை. அந்தக் காகித வேலை இழுத்தால் ஏ1 என்ற ஆரம்ப நிலைப் பேசும் கேட்கும் தேர்வையே எழுதிவிடலாம், வேலை பார்க்கிற பெண்ணுக்கு அது கடினமே இல்லை. ஆனால் அங்கீகரித்த மையத்தில், யுகே விசாவுக்கு என்று இருக்கிற தேர்வாக இருக்க வேண்டும். விசாவுக்கு வைக்க வேண்டிய டிபி (காசநோய்) பரிசோதனைச் சான்றிதழுக்கு ஆறு மாதம்தான் ஆயுள், இப்போதே எடுக்காதீர்கள், தை கடைசியில் எடுத்தால் போதும்.

வீடு பிரச்சினையில்லை, உங்கள் இருவருக்கு மட்டும் என்று ஓர் அறை இருந்தால் போதும். வீட்டுக்காரரிடம் மனைவி வந்து தங்கச் சம்மதம் என்று கடிதம் வாங்கி, ஒப்பந்த நகலோடு வையுங்கள்.

பாஸ்போர்ட்டைத் தொடவே வேண்டாம். பழைய பெயரிலேயே விண்ணப்பிக்கலாம், சர்டிபிகேட்டும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போவதுதான் முக்கியம். கணவர் பெயர் சேர்ப்பதா வேண்டாமா என்பதை இங்கே வந்தபிறகு அவரே நிதானமாக முடிவு செய்துகொள்ளட்டும்.