கார்ட்டர் வுட்சனுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் என்ன சம்பந்தம்?

கரிசல்மழை:
பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்விச் சிந்தனையாளர் ஒருவரைப் பற்றி அடுத்த வாரம் வகுப்பில் பேச வேண்டும், நான் அமெரிக்காவின் கார்ட்டர் ஜி. வுட்சனை எடுத்தேன். 1926இல் அவர் தொடங்கிய நீக்ரோ வரலாற்று வாரம்தான் இன்றைய கறுப்பின வரலாற்று மாதம் என்பது வரை தெரியும். "அவர் வரலாற்றாசிரியர்தானேம்மா, இங்கே எதற்கு?" என்கிறார் எங்கள் பேராசிரியர். என்ன சொல்வது?

பழைய_வாத்தியார்:
தாராளமாகப் பேசும்மா. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோருக்கு 1875இல் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தவர், 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினார். நடுவில், 1903இல், அப்போது அமெரிக்க ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸுக்கு ஆசிரியராகப் போனார், அங்கேதான் விஷயம் இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு வந்த அமெரிக்க ஆசிரியர்கள் அங்கே திணற, பாடமே எடுத்துப் பழகாத ஒரு காப்பீட்டுக்காரர் ஜெயித்ததைத் தன் 1933 நூலில் சொல்கிறார். பாம்பைப் பற்றிய பாடம் என்றால் அந்த மனிதர் வகுப்புக்குப் பாம்பையே கொண்டுவருவார். ஆப்பிள் மரத்தை உலுக்கும் பாட்டை லொம்பாய் மரத்தை உலுக்கும் பாட்டாக மாற்றினார். லொம்பாய் என்பது நம் நாவல்தான்! ஆப்பிளைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள், நாவலை உலுக்கிப் பொறுக்கிய பிள்ளைகள். அமெரிக்காவின் முதல் அதிபர் வாஷிங்டன் கதையை விட்டுவிட்டு அவர்களுடைய விடுதலைத் தியாகி ஹொசே ரிசாலைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்.

சாக்பீஸ்_தூள்:
வாத்தியார் சார் சொன்னது அருமை, ஆனால் பயிற்சியே தேவையில்லை என்று வுட்சன் சொன்னதாக முடித்துவிடாதீர்கள். கறுப்பினக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிறவர்களே தங்கள் இனத்தை இழிவாகக் காட்டும் பாடங்களைப் படித்துத்தான் ஆசிரியராகிறார்கள், பிறகு அதையே பிள்ளைகளுக்கும் ஊட்டுகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆதங்கம். அதனால்தான் 1915இல் கறுப்பின வரலாற்றை ஆராய ஒரு சங்கம் தொடங்கி ஆய்விதழ் நடத்தியதோடு நிற்காமல், 1937இல் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே தனி இதழ் கொண்டுவந்தார். அப்புறம் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கறுப்பின ஆசிரியை டெஸ்ஸி மெக்கீயைக் கட்டாயம் சொல்லுங்கள். 1930களில், மேசைமேல் அரசு கொடுத்த பாடத்திட்டம், மடியில் கறுப்பினத்தவரைப் பற்றிய வுட்சனின் நூல். மடியிலிருந்து வாசிப்பார், தலைமையாசிரியர் உள்ளே வந்தால் கண் மேசைக்குப் போய்விடும். வுட்சன் யாருக்காக எழுதினார் என்று இதைவிட எப்படிச் சொல்வது?

கரிசல்மழை:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. மெக்கீயின் மடியைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. பேச்சை லொம்பாயிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே இப்போது நாவல் பழக் காலம்தான், பேருந்து நிறுத்தத்தில் ஒரு கூறு வாங்கிக்கொண்டு போகிறேன்.